பஞ்சாபியரின் நட்பும் நம் தோட்டத்துச் சிவப்பு ஐசியும்

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் சண்டையிட்டபோது, பெஸ்தாரி ஜெயாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் நம்மில் பலருக்கு இன்னமும் ஊர் விளங்குகிறது. கடையில் இருந்த நம் பையன்கள் கைப்பேசியைச் சுற்றிக் கூடி, கிரிக்கெட் பார்ப்பது போல் கைதட்டிக் கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் லோரி ஓட்டும் சீக்கியப் பெரியவர் ஒருவர். தோட்டத்தில் வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். "என் தாத்தா பொறந்த ஊரு அந்தப் பக்கம்தான்லா. கூட்டாளி ஒருத்தன் லாகூர்ல இருக்கான். மூணு நாளா பதில் போடல" என்றார். கைதட்டல் கொஞ்சம் அடங்கியது.

இவர்களை நாம் 'வங்காளி' என்று அழைத்துப் பழகிவிட்டோம். கல்கத்தாவில் கப்பலேறி வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வங்காளத்துக்கும் அவர்களுக்கும் வேறு உறவு கிடையாது. 1947-க்கு முன் மலாயாவுக்கு வந்த பஞ்சாபியரில் சீக்கியரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். 1896-இல் அமைந்த மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் படையில் இரு சாராரும் சேர்ந்தே பணியாற்றினர். பிறகு பஞ்சாப் இரண்டானது. ஒரு கோடிக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தார்கள். லாகூருக்கும் அமிர்தசரசுக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். நாம் கோல சிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்குப் போகிற தூரம்.

எழுத்தும் இரண்டாகத்தான் இருக்கிறது. இந்தியப் பஞ்சாபியர் எழுதுவது குர்முகி, பாகிஸ்தான் பஞ்சாபியர் எழுதுவது உருது போலத் தோன்றும் ஷாமுகி. பேசினால் சொந்தம், எழுதினால் அந்நியம். அதனால்தான் கைப்பேசியில் குரல் பதிவும் காணொளியும் வந்த பிறகு இவர்களின் நட்பு பெருகியது என்று நினைக்கிறேன். பாகிஸ்தானின் நாசிர் தில்லான் என்பவர் ஒரு சீக்கிய நண்பருடன் சேர்ந்து நடத்தும் 'பஞ்சாபி லெஹர்' யூடியூப் சேனல் இதற்கு நல்ல சான்று. பிரிவினையில் சிதறிய குடும்பங்களைத் தேடிச் சேர்த்து வைப்பது அவர்களின் வேலை. அப்படித் தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட அண்ணன் தம்பி இருவர், 74 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜனவரியில் கர்தார்பூரில் கட்டிப்பிடித்து அழுததை நம்மில் பலரும் பார்த்திருப்போம்.

கர்தார்பூர் என்பது குரு நானக் தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம். எல்லையிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தள்ளிப் பாகிஸ்தானுக்குள் இருக்கிறது. 2019 நவம்பர் 9-ஆம் தேதி திறக்கப்பட்ட பாதை வழியாக இந்தியர்கள் விசா இல்லாமல் போய், வழிபட்டு, அன்றே திரும்ப முடிந்தது. பாகிஸ்தான் வாங்கிய கட்டணம் 20 அமெரிக்க டாலர். வழிபாட்டுக்கென்று திறந்த அந்தப் பாதையில்தான் பிரிந்த உறவுகளும் சந்தித்துக்கொண்டன. பெரிய வசதி இல்லாத குடியானவனும் போகக்கூடியதாக இருந்த வழி அது ஒன்றுதான்.

2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாளே அட்டாரி எல்லைச் சாவடியை மூடுவதாக இந்தியா அறிவித்தது. பாகிஸ்தான் யூடியூப் சேனல்கள் பலவும் முடக்கப்பட்டன. மே 7-இல் கர்தார்பூர் பாதையும் அடைபட்டது. மே 10-இல் சண்டை நின்றும் பாதை திறக்கவில்லை. நவம்பரில் குரு நானக் ஜெயந்திக்குச் சுமார் 2,100 பேருக்கு விசா கிடைத்து வாகா வழியே போனார்கள். அது ஒரு சலுகை, அவ்வளவே. அப்பாவிகளைக் கொன்றவர்கள் மீது இந்தியாவுக்கு வந்த கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கதவை அடைத்ததால் யார் உள்ளே வர முடியாமல் போனார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

வசதி உள்ளவர்களின் நட்பு எப்படியும் பிழைத்துக்கொள்ளும். துபாயில் சந்திப்பார்கள், லண்டனில் சந்திப்பார்கள். நம் கோலாலம்பூரிலும் சந்திக்கலாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு இங்கே 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. பாகிஸ்தானியர் மின்விசா எடுத்து வரலாம். 50 கிலோமீட்டரில் இருப்பவனைப் பார்க்க, கடல் தாண்டி வர வேண்டும். டிக்கெட்டுக்குக் காசு இருந்தால்.

இது நமக்குப் புதிய கதையா? சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு மனுப்போடாமலோ, போட்டும் கிடைக்காமலோ சிவப்பு ஐசியோடு நின்றவர்கள் தோட்டங்களில் ஏராளம். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ஈஜோக் பக்கம் பால்மரம் சீவிய என் சின்னத்தாத்தாவும் அதில் ஒருவர். தாத்தாவிடம் நீல ஐசி, தம்பியிடம் சிவப்பு. 1970-இல் போர்ட் சுவெட்டன்ஹாமில் 'ரஜூலா' கப்பலில் ஏற்றிவிட்டதோடு சரி, இருவரும் மறுபடி பார்க்கவே இல்லை. வசதி படைத்த பட்டணத்துக் குடும்பங்கள் அப்போதும் ஊருக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தன. தோட்டத்துக் கூலிக்குக் கப்பல் ஒரு வழிதான்.

நாமக்கல் பக்கத்திலிருந்து நீல நிற ஏர்மெயில் கடிதங்கள் 1986 வரை வந்தன. தகர டிரங்குப் பெட்டியில் பதினேழு கடிதங்கள் இருக்கின்றன. மலேசியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் போர் நடக்கவில்லை, யாரும் சாவடியை மூடவில்லை. தாத்தா போன பிறகு பதில் எழுத எங்கள் வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்பாவுக்கு எழுதத் தெரியும், ஓவர்டைம் போக நேரம் இருந்ததில்லை. என் மகள் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாதது என் முடிவு. அந்தக் கடிதங்கள் அவளுக்கு ஷாமுகி மாதிரிதான். நான்கு போர்களைத் தாண்டியும் பஞ்சாபியர் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருக்க, நாம் திறந்திருந்த வழியிலேயே உறவைத் தொலைத்தோம். இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரியவரை அதே கடையில் பார்த்தேன். கூட்டாளியிடமிருந்து பதில் வந்துவிட்டதாம். குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லாரும் நல்லா இருக்காங்களாம். கோதுமை அறுத்தாச்சாம்" என்று சொன்னார். ஒருமுறை அவனை இங்கே வரவழைக்கலாமே என்றேன். டிராக்டர் பழுது பார்க்கிறவன், டிக்கெட்டுக்கு அவன் எங்கே போவான், நான்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.