இரும்பை அறியும் கதவு



தீபாவளி என்றால் தோட்டத்து வீடுகளில் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு பாட்டிலும் இருக்க வேண்டும். அது நம் வழக்கமாகிவிட்டது. அந்தப் பானத்துக்குப் பெயர் பெற்ற பிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் 1883-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சோடா நீர் தயாரிக்கத் தொடங்கியது. இன்று ஷா ஆலாம் போன்ற தொழிற்பேட்டைகளில் பானங்கள் இரவு பகலாக நிரப்பப்படுகின்றன. நிரப்பும் கூடத்திலும், அடுக்கி வைக்கும் கிடங்கிலும், லோரியில் ஏற்றும் தளத்திலும் வேலை செய்கிறவர்களில் தோட்டத்தில் பிறந்த நம் பிள்ளைகளும் உண்டு.

அத்தகைய இடங்களில் ஒரு நாளைக்குப் பலநூறு தடவை திறந்து மூடும் ஒரு பொருளைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம். அதுதான் அதிவேகக் கதவு. வேலை செய்யும் பிள்ளைகள் 'ஹைஸ்பீட் டோர்' என்பார்கள்.

கதவுக்கு எதற்கு வேகம் என்று கேட்கத் தோன்றும். ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைகளில் நாம் பார்க்கும் இரும்புச் சுருள் கதவு நான்கு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் அதை நொடிக்கு 20 சென்டிமீட்டர் தூக்குகிறது. திறக்க 20 நொடி, மூட 20 நொடி, வண்டி கடக்க 5 நொடி. ஆக 45 நொடி. மணிக்கு நாற்பது தடவை வண்டி போய் வந்தால் 1,800 நொடி, அதாவது அரை மணி நேரம் அந்த வாசல் அடைபடாமலே கிடக்கும். அதே உயரமுள்ள அதிவேகக் கதவு நொடிக்கு இரண்டு மீட்டர் ஏறினால் 2 நொடியில் திறந்துவிடும். இறங்குவது சற்று நிதானமாக 5 நொடி. வண்டி கடக்கும் நேரத்தையும் சேர்த்து 12 நொடிதான். நாற்பது தடவைக்கு 480 நொடி, அதாவது எட்டே நிமிடம்.

முப்பது நிமிடம் எங்கே, எட்டு நிமிடம் எங்கே? மெதுவான கதவுள்ள இடத்தில் வேறொன்றும் நடக்கும். காத்திருக்கப் பொறுமையில்லாமல் கதவைத் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். அப்புறம் கதவு இருந்தும் இல்லாத கதைதான்.

பானம் நிரப்பும் இடத்தில் வாசல் திறந்து கிடக்கலாமா? ஈயும் தூசியும் உள்ளே வரும். நிரப்பும் கூடத்தில் வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தி, வெளியே இருப்பதைவிடக் காற்றழுத்தம் சிறிது கூடுதலாக இருக்கும்படி வைப்பார்கள். உள்ளிருந்து காற்று வெளியே தள்ளும்போது தூசி உள்ளே நுழைவதில்லை. பெரிய வாசல் திறந்தே கிடந்தால் அந்த அழுத்தம் நிற்காது. சில இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் வைத்து, ஒன்று மூடினால்தான் மற்றொன்று திறக்கும்படி இணைத்திருப்பதும் இதற்காகத்தான்.

குளிர்க் கிடங்கின் கதை வேறு. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். அந்தக் காற்று குளிரான இடத்துக்குள் புகுந்தால் நீராக மாறித் தரையில் வழியும். குளிர் மிகுந்த இடத்தில் பனிக்கட்டியாக உறையும். தரை வழுக்கும், வண்டி சறுக்கும், மின்சாரக் கட்டணமும் ஏறும்.

இனி அந்தக் கதவு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் அது இரும்பால் ஆனதல்ல. பிளாஸ்டிக் பூசிய தடித்த துணித்திரை. மேலே ஒரு உருளை, அதைச் சுழற்ற ஒரு மோட்டார். பாய் சுருட்டுவதுபோலத் திரையைச் சுருட்டி ஏற்றிவிடும். இரண்டு ஓரங்களிலும் அது தடத்துக்குள் ஓடும். சில வகைகளில் ஓரத்தில் ஜிப்பின் பல்லைப்போல் பற்கள் இருக்கும். வண்டி தெரியாமல் மோதிவிட்டால் திரை கிழியாமல் தடத்திலிருந்து கழன்றுகொள்ளும். அடுத்த தடவை ஏறி இறங்கும்போது மறுபடி தடத்தில் ஏறிக்கொள்ளும்.

கதவு எதைக் கண்டு திறக்கிறது? நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான்.

பல இடங்களில் சிமெண்டுத் தரைக்கு அடியில் மின்கம்பியை வளையமாகப் புதைத்திருப்பார்கள். மேலே இரும்பு வண்டி வந்தால் அந்த வளையத்தின் மின்காந்த நிலை மாறும். அதை உணர்ந்து கதவு திறக்கும். ஆனால் மனிதனின் உடம்பு இரும்பல்லவே! அந்த வளையத்தின்மேல் நீங்கள் நின்றாலும் நடந்தாலும் கதவுக்குத் தெரியாது. அது இரும்பை அறியும், ஆளை அறியாது. வேறு சில கதவுகளில் அசைவைக் காணும் ரேடார் இருக்கும். அதுவும் வண்டிக்கு மட்டும் திறக்கும்படி சரிசெய்யப்பட்டிருக்கலாம்.

ஆளைக் காப்பதற்கு வேறு கருவி உண்டு. கதவு நிலையின் இரு பக்கங்களிலும், பெரும்பாலும் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரம் வரை, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் வரிசையாகப் பாய்ந்துகொண்டிருக்கும். ஏதாவது குறுக்கிட்டால் இறங்கும் கதவு நின்று மேலே திரும்பிவிடும். சில கதவுகளின் அடி ஓரத்திலும், எதன்மீதாவது பட்டால் உணரும் கருவி இருக்கும். ஐரோப்பாவில் மின்கதவுகளின் பாதுகாப்புக்கென்றே இ.என். 12453 என்ற தரவிதி இருக்கிறது.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? என்னிடம் படித்த பையன் ஒருவன் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். அவன் சொன்னதைச் சொல்கிறேன். ஒளிக்கதிர்க் கண்ணாடியில் தூசி படிந்து, கதவு பாதியில் நிற்பதும் திரும்புவதுமாக இருந்ததாம். வேலை தடைப்படுகிறதே என்று யாரோ வயரை மாற்றி இணைத்து, அந்தக் கருவியே வேலை செய்யாதபடி ஆக்கிவிட்டார்கள். கதவு தடையில்லாமல் ஓடியது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் நாள், வாசலில் விழுந்த பெட்டியை எடுக்கக் குனிந்த அவன் கூட்டாளியின் தோளில் கதவு இறங்கிவிட்டது. துணித்திரையாக இருந்ததால் வீக்கத்தோடு போயிற்று. அந்தக் கண்ணாடியை ஒரு துணியால் துடைக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கதவு இறங்குவதைவிடப் பெரிய ஆபத்து, அது திறப்பதில் இருக்கிறது. இரண்டரை டன் தூக்கும் போர்க்லிப்ட் சுமை இல்லாமலே ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு டன் எடை இருக்கும். கதவு இரண்டே நொடியில் திறந்துவிடும் என்ற தைரியத்தில் சில ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைப்பதில்லை. மறுபக்கம் ஒரு ஆள் நடந்து வருவது திரைக்குப் பின்னால் தெரியாது. திரை ஏறிய மறுநொடி இருவரும் நேருக்கு நேர். ஆகவே வண்டி வாசலில் நடக்கவே கூடாது. பக்கத்தில் ஆட்கள் போவதற்கென்று இருக்கும் சிறிய கதவில்தான் போக வேண்டும். பத்தடி சுற்றுத்தான், சுற்றிப் போனால் காலுக்கு வலிக்குமே தவிர உயிருக்கு ஒன்றும் ஆகாது.

இன்னும் சில செய்திகளை நினைவில் வையுங்கள். இறங்கும் கதவின் கீழ் ஓடி நுழையாதீர்கள். கதவு சிக்கிக்கொண்டால் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போடாமல் கை வைக்காதீர்கள். அது அதற்கென்று பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. சாதாரணத் துணித்திரைக் கதவு தீயைத் தடுக்கும் கதவல்ல; ஆகவே தீவிபத்து நேர்ந்தால் அதை நம்பி நிற்காமல் அவசர வழியாக வெளியேறுங்கள். மின்சாரம் நின்றால் கதவைக் கையால் திறப்பது எப்படி என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு இல்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று நம் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. இந்தப் பயம் தோட்டத்திலிருந்தே நம்மோடு வந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் பயம் சற்றுக் குறையும். மலேசியாவில் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்தார் என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பது அதன் விதி. 2022-இல் அது திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி, ஆபத்து நெருங்கிவிட்டது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். தோட்டத்துக்கும் தோட்டத்து ஆலைக்கும் இதே சட்டம்தான். வேலையிடத்தில் அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "சின்னக் காயம்தானே" என்று மறைத்துவிட்டால் பின்னால் உதவி கேட்பது சிரமம்.

அம்மாமார்களே, அப்பாமார்களே! பிள்ளைக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது என்றதும் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா என்று கேட்கிறோம். அதில் தவறில்லை. கூடவே இதையும் கேளுங்கள்: "அய்யா, நீ நடந்து போறதுக்கு அங்கே தனிக் கதவு இருக்கா?"