குரற்கொடை

நுழையும்முன்

எழுத்தில் உள்ள நூலைக் குரலாக்கிப் பிறருக்கு வழங்குவதும் இலக்கியப் பணியே. பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் ஊதியமின்றி வாசித்து ஒலிநூல்களாக்கி வருகின்றனர். இயந்திரமே நூலை வாசித்துக்காட்டும் இக்காலத்தில் அவர்தம் உழைப்பு தேவைதானா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பேச்சாகப் பிறந்த கட்டுரை

1928ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப், கேம்பிரிட்ஜில் இருந்த நியூன்ஹாம், கிர்ட்டன் ஆகிய இரு மகளிர் கல்லூரிகளில் பெண்களும் புனைகதையும் என்னும் பொருளில் உரையாற்றினார். அவ்வுரைகளை விரித்தெழுதி, ‘தனக்கென ஓர் அறை’ என்று பொருள்படும் தலைப்பில் 1929ஆம் ஆண்டு நூலாக்கினார். எழுத விரும்பும் பெண்ணுக்குப் பொருள்வளமும் தனக்குரிய அறையும் வேண்டும் என்பதே ஆறு இயல்கள் கொண்ட அந்நெடுங்கட்டுரையின் மையக்கருத்து. அதில் வரும் கதைசொல்லி, ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் வாயிலில் தடுக்கப்படுகிறாள். கல்லூரி ஆய்வாளர் ஒருவர் உடன்வர வேண்டும்; இல்லையேல் அறிமுகக் கடிதம் வேண்டும்; பெண் தனித்து நுழைதல் கூடாது என்பது அங்குள்ள விதி. இது வெறுங்கற்பனையன்று, அக்காலச் சமூகத்தின் படம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியதே 1948ஆம் ஆண்டில்தான்.

நூலகக் கதவு மூடப்பட்டதைப் பற்றிய அக்கட்டுரை, இன்று எவருக்கும் திறந்த நூலாகிவிட்டது. அதனைத் திறந்தது பதிப்புரிமைச் சட்டத்தின் கால வரம்பு.

பொதுவுரிமை என்னும் திறவுகோல்

படைப்பாளியின் உழைப்புக்குச் சட்டம் காப்பளிக்கிறது. ஆனால், அக்காப்பு முடிவற்றதன்று. இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அதன்பின் அப்படைப்பு பொதுவுரிமை ஆகிறது. வர்ஜீனியா வுல்ஃப் 1941ஆம் ஆண்டு மறைந்தார். எனவே, 2002ஆம் ஆண்டு தொடக்கத்திலேயே அவருடைய கட்டுரை இந்தியாவில் பொதுவுரிமை பெற்றுவிட்டது. அமெரிக்காவில் இவ்வகை நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் கணக்கிடப்படுவதால், அங்கு 2025 சனவரி 1 அன்றுதான் அது பொதுவுரிமை ஆயிற்று.

பொதுவுரிமை பெற்ற நூலை எவரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், வாசித்துப் பதிவு செய்யலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. பிற்காலத்தவர் எழுதிச் சேர்த்த முன்னுரை, குறிப்புரை, மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே பதிப்புரிமை உண்டு. மூலநூல் பொதுவாகிவிட்டது என்பதால் அதன் புதிய மொழிபெயர்ப்பும் பொதுவாகிவிட்டதாகக் கொள்ளுதல் தவறு.

ஒலிநூல் உருவாகும் முறை

கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஹியூ மெக்குவைர் 2005ஆம் ஆண்டு ‘லிப்ரிவாக்ஸ்’ என்னும் தன்னார்வ முயற்சியைத் தொடங்கினார். பொதுவுரிமை நூல்களை மனிதக் குரலில் பதிவு செய்து விலையின்றி வழங்குதல் அதன் நோக்கம். அம்முயற்சியால் இதுவரை 15,000-க்கும் மேற்பட்ட ஒலிநூல்கள் உருவாகியுள்ளன.

அதன் செயல்முறை எளிமையானது. ஒருவர் ஒரு நூலைத் தேர்ந்து, அதன் பொதுவுரிமையை உறுதிசெய்து, இயல்களைப் பிரிக்கிறார். விரும்பியவர் விரும்பிய இயலை ஏற்கிறார். குரல்தேர்வு எதுவும் இல்லை. புதியவர் ஒரு நிமிட அளவில் சோதனைப் பதிவு செய்து, ஒலியளவும் தெளிவும் சரிதானா என அறிந்துகொண்டால் போதும். பதிவு முடிந்ததும் மற்றொரு தன்னார்வலர் மூலநூலைக் கையில் வைத்துக்கொண்டு அதனைக் கேட்கிறார். அச்சுக்கு மெய்ப்புத் திருத்துதல் போல, இது மெய்ப்புக் கேட்டல். விடுபட்ட வரி, இருமுறை வந்த தொடர், இடையில் புகுந்த இரைச்சல் ஆகியன சுட்டப்பட்டுத் திருத்தம் பெறுகின்றன. வாசிப்பவரின் வட்டார ஒலிப்பு குறையாகக் கருதப்படுவதில்லை. நிறைவில், வாசித்தவர் தம் பதிவின் மீது தமக்குள்ள உரிமையையும் விட்டுக்கொடுத்து, தம் குரலையும் பொதுவுரிமை ஆக்குகிறார்.

எளிமையான இச்செயல்முறையிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. பதிவுக்கு அமைதி வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, வீட்டார் உறங்கும்வரை காத்திருந்து, போர்வைக்குள்ளும் துணி நிறைந்த நிலைப்பேழைக்கு அருகிலும் அமர்ந்து வாசிப்போர் உலகெங்கும் உள்ளனர். தனியறை வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் எழுதியதன் பொருளை, அவர் கட்டுரையை வாசிக்க அமைதியான இடம் தேடுபவர் நன்குணர்வார்.

இயந்திரக் குரலும் மனிதக் குரலும்

பயிற்சியற்றவர் வாசிப்பில் பிழைகள் இருக்கும். குரலின் தரமும் இயலுக்கு இயல் மாறும் என்பர் சிலர். எழுத்தைப் பேச்சாக்கும் இயந்திரம் சில நொடிகளில் செய்வதற்குப் பல நாள்கள் உழைப்பானேன் என்பர் வேறு சிலர். இரண்டு மறுப்புகளிலும் உண்மை உண்டு. பார்வைத்திறன் குறைந்த மாணவருக்கு நாளைய தேர்வுக்கான பாடம் இன்றே வேண்டும். அவருக்கு இயந்திரக் குரல் பெருந்துணை. அச்சு நூலைப் படிக்க இயலாதோருக்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்கித்தர 2013ஆம் ஆண்டு மராகேஷ் உடன்படிக்கை உருவானது. 2014ஆம் ஆண்டு அதனை ஏற்புறுதி செய்த முதல் நாடு இந்தியாவே. அந்நோக்கத்துக்கு உதவும் எக்கருவியையும் இகழ்தல் ஆகாது.

ஆனால், இலக்கியக் கட்டுரை செய்தித் தொகுப்பன்று. பணிவான தொடரில் எள்ளல் ஒளிந்திருக்கும். வினாவின் வடிவில் சினம் நிற்கும். நூலக வாயிலில் தடுக்கப்பட்ட பெண்ணின் சொற்களை எவ்வாறு ஒலிப்பது? வெகுளியுடனா, நகைப்புடனா, அடங்கிய துயரத்துடனா? வாசிப்பவர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்வதற்கு அத்தொடரை அவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கண்ணால் ஓடவிட்டுக் கடந்த வரியை வாயால் கடக்க இயலாது. பொருள் புரியாத இடத்தில் குரல் தடுமாறும். எனவே, உரக்க வாசித்தல் நுட்பமான திறனாய்வாகிறது. இயந்திரத்திடம் அப்பணியை முழுமையாக ஒப்படைத்தால் ஒலிநூல் கிடைக்கும். ஒரு வாசகர் உருவாகும் வாய்ப்பு நழுவிப்போகும்.

இயலுக்கு ஒரு குரல் என்பதும் குறையாகாது. வுல்ஃபின் கதைசொல்லி தனக்கென ஒரு பெயரை உறுதியாகச் சூட்டிக்கொள்வதில்லை. பல பெயர்களைச் சொல்லி, எப்பெயராலும் தன்னை அழைக்கலாம் என்கிறாள். அவள் ஒருத்தியல்லள், பலர். வெவ்வேறு நாட்டுப் பெண்கள் அறுவர் ஆறு இயல்களை வாசித்தால், அக்கட்டுரையின் கருத்துக்கு அது பெரிதும் இயையும்.

நம் முன் உள்ள பணி

தமிழிலும் இதற்கான அடித்தளம் உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், தமிழ் நூல்களை மின்னூலாக்கி விலையின்றி வழங்கி வருகின்றனர். அவர்கள் எழுத்தாக அளித்ததைக் குரலாக்குதல் அடுத்த படி. 1921ஆம் ஆண்டு மறைந்த பாரதியாரின் கட்டுரைகளும், 1953ஆம் ஆண்டு மறைந்த திரு.வி.க.வின் ‘பெண்ணின் பெருமை’யும் பொதுவுரிமை பெற்றவை. மேடைத்தமிழை வளர்த்த திரு.வி.க.வின் உரைநடை, வாய்விட்டு வாசிக்கும்போது தனி அழகு பெறும்.

மாணவர்களே! திறன்பேசி ஒன்றும் அமைதியான அரைமணி நேரமும் போதும். ஐவர் குழுவாக ஒரு கட்டுரையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் நூலைப் பார்த்துக் கேட்டுத் திருத்துங்கள். லகர, ளகர, ழகர வேறுபாட்டில் கருத்தூன்றுங்கள். உங்கள் ஊரின் பேச்சோசைக்காக நாணாதீர்கள். அமைதியான அறை வாய்க்காத தோழருக்குப் பள்ளி வகுப்பறையை மாலையில் திறந்துதருமாறு ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரு நூலகம் தன் வாயிலில் ஒரு பெண்ணைத் தடுத்த கதையைப் படித்தோம். படிக்க இயலாமையால் நூலுக்கு வெளியே நிற்பவர் இன்றும் பலர். உங்கள் குரல் அவர்களை உள்ளே அழைக்கட்டும்.