வீடு பேணல்: மரச்சுவரும் மழைநீரும்

நோர்வேயில் மரவீட்டுக்குக் குடிபோகும் எம்மவர் முதலில் கேட்பது, "இந்தக் குளிருக்கு மரம் தாங்குமா?" என்பதுதான். குளிர் மரத்தை ஒன்றும் செய்யாது. ஊரில் பனஞ்சிலாகைக்குக் கறையான் எதிரியென்றால், இங்கு ஈரமே எதிரி. உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றி நின்றால் மரம் பூஞ்சணம் பிடித்து உக்கிவிடும். 12ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, 1979இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த ஊர்ணெஸ் மரத்தேவாலயம் இன்றும் நிற்கிறது. இவ்வகைத் தேவாலயங்களின் அடிமரத்தை மண்ணில் படாமல் கல்லின்மேல் இருத்தினார்கள். வெளிமரத்துக்குக் காலத்துக்குக் காலம் பைன் மரத் தார் பூசினார்கள்.

உருளைமரங்களை அடுக்கிக் கட்டிய 'தொம்மர்' வீட்டை வாங்கியவர்கள், பெயின்ற் கடைக்கு ஓடமுன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். வெயில் காயும் தெற்குச் சுவரும், மூலைகளில் நீட்டிநிற்கும் மரத்தலைகளும், நிலத்தை ஒட்டிய அடிமரமுமே முதலில் கெடும். சுவரில் சிறிது தண்ணீர் தெளியுங்கள். முத்துமுத்தாக உருண்டால் இந்த வருடம் செலவில்லை. உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச வேண்டும். ஸ்குறூட்றைவரால் குத்தும்போது மெத்தென்று உள்ளிறங்கினால் அம்மரம் உக்கிவிட்டது. அதன்மேல் பூசுவது காசைக் கரியாக்குவதே, தச்சரை அழையுங்கள். நீளவாக்கில் வெடிப்பு இருப்பது வழமை. மேல்நோக்கி வாய்திறந்த வெடிப்புகளைத்தான் கவனிக்க வேண்டும், அவற்றில் நீர் தேங்கும்.

கழுவும்போது மென்மையான தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேய்த்து, மேலிருந்து கீழாக அலம்புங்கள். அயலவர் இரவல் தரும் உயரழுத்த நீர்இயந்திரம் வேண்டாம். அது நீரை மரத்துக்குள் ஏற்றி, நாரையும் கிளப்பிவிடும். நரைத்த மரத்தில் பூச்சு ஒட்டாது. புதுமரம் தெரியும்வரை தேய்த்தெடுக்க வேண்டும். இது கைநோகும் வேலை. நண்பர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவது நல்லது. ஆனால் பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். பரிசோதிக்காமல் உலரத் தேய்க்கவோ சூடுகாட்டி உரிக்கவோ கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் அத்தூசி விஷம்.

கழுவிய சுவர் பல நாட்கள் நன்றாகக் காய வேண்டும். பின்பு கடும் வெயில் படாத பக்கமாகப் பார்த்துப் பூசுங்கள். நிறமற்ற எண்ணெய் வெயிலைத் தடுக்காது. சற்று நிறமுள்ள, மரம் உறிஞ்சக்கூடிய 'பெய்ஸ்' வகையே எமது தெரிவு. தடித்த படலமாகப் படியும் பெயின்ற் வெடித்தால் உள்ளே போன நீர் அங்கேயே நிற்கும். மரத்தலைகளுக்கு இரண்டு மூன்று தடவை தாராளமாகப் பூசுங்கள். வாடகைக்கு இருப்போர் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பின்பே கைவைக்கவும்.

ஆளிவிதை எண்ணெய் கலந்த பூச்சைத் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீர் நிறைந்த வாளியில் அமிழ்த்துங்கள், அல்லது வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.