இருதய ரட்சணை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்துப் பிரேமிங்காம் நகரில் 1948-ஆம் ஆண்டு முதல் 5,209 ஆண் பெண்களை வருஷக்கணக்காகப் பரிசோதித்து வந்த வைத்திய நிபுணர்கள், இருதய நோய் விதிவசமாகத் திடீரென்று நேரும் விபத்தன்று என்பதையும், உயர்ந்த ரத்த அழுத்தம், ரத்தத்தில் மிகுந்த கொழுப்பு, புகைப்பழக்கம், நீரிழிவு ஆகியவை நெடுநாள் முன்னரே அதற்கு வழி வகுக்கின்றன என்பதையும் நிரூபித்தனர். இவற்றை வயதோடு சேர்த்துக் கணக்கிட்டு, அடுத்த பத்தாண்டுகளில் ஒருவருக்கு நேரக்கூடிய அபாயத்தை மதிப்பிடும் முறையும் அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. வேதனை ஏதும் காட்டாமலே ரத்த அழுத்தம் சரீரத்தைக் கெடுக்குமாதலால், சுகமாயிருக்கிறோம் என்ற நம்பிக்கை மட்டும் பாதுகாப்பாகாது. ஆகையால் நாற்பது வயதைக் கடந்தவர்கள் காலந்தோறும் பரிசோதனை செய்துகொண்டு, புகையிலையை அறவே ஒழித்து, உப்பைக் குறைத்து, தினமும் நடந்து, வைத்தியர் கொடுத்த மருந்தை இடையில் நிறுத்தாமல் உட்கொள்வதைக் குடும்பத்துக்கு ஆற்றும் கடமையாகவே கொள்ள வேண்டும்.