ஜூன் 16: நம்ம ஊர் சுவரில் ஒட்டப்பட்ட அந்தக் காகிதம்



இன்று ஜூன் 16. காலையிலிருந்து உங்க வாட்ஸ்அப்பில் "வரலாற்றில் இன்று" கார்டு ரெண்டு மூணாவது வந்திருக்கும். 1911-ல் ஐபிஎம்மின் தாய் நிறுவனம் தொடங்கிய நாள். 1925-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் மறைந்த நாள். 1963-ல் வாலண்டினா தெரஷ்கோவா முதல் பெண்ணாக விண்வெளிக்குப் போன நாள். நடிகர் மிதுன் சக்கரவர்த்தி பிறந்தநாள். எல்லாம் சரிதான். இன்ஜினியரிங் படிச்சவனா ஐபிஎம் மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா திருச்சிக்காரங்க ஃபார்வர்ட் பண்ற கார்டுல கூட திருச்சி இல்லையே, அதுதான் வருத்தம்.

1801 ஜூன் 16. சிவகங்கைச் சீமையிலிருந்து சின்ன மருது ஓர் அறிவிப்பு வெளியிடுகிறார். அது ரெண்டு இடத்துல ஒட்டப்படுகிறது. ஒன்று திருச்சிக் கோட்டைக்குள் இருந்த நவாப் அரண்மனைச் சுவர். இன்னொன்று காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கம் கோயில் மதில். 1857 சிப்பாய் கிளர்ச்சிக்கு 56 வருஷம் முன்னாடி!

அதில் என்ன எழுதியிருந்தது? நாவலந்தீவில் வாழும் எல்லா சாதியாரும், முஸ்லிம்களும் ஒன்று சேர வேண்டும். வெள்ளைக்காரனுக்கு இங்கே இடம் கொடுத்தது நவாப் முகமது அலி செய்த முட்டாள்தனம். கம்பெனிப் படையில் இருக்கும் சுபேதார், ஜமேதார், ஹவில்தார், சிப்பாய் எல்லோரும் ஆயுதத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். மீசை வைத்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டு வீரத்தைக் காட்டச் சொல்கிறார்! ஸ்ரீரங்கத்தில் வாழ்பவர்களுக்கென்று கடைசியில் தனியாக ஒரு வணக்கமும் உண்டு.

பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர் என்று அந்தக் காலத்து வரிசையில்தான் அழைக்கிறார். அந்த வரிசை நமக்கு ஒவ்வாதது, அதை மறைக்க வேண்டாம். ஆனா அடுத்தவன் நாட்டைப் பிடிக்கும் நேரத்தில் அத்தனை பேரையும் ஒரே காகிதத்தில் கூப்பிட்ட துணிச்சலைப் பாருங்க. வெறும் பேச்சும் இல்ல. திண்டுக்கல் கோபால் நாயக்கர், மலபாரில் கேரள வர்மா என்று மொழி தாண்டி ஒரு கூட்டணியே அப்போ கம்பெனியை எதிர்த்து நின்றது.

ஐடி விங் நண்பர்களே, அடுத்த விஷயம் உங்களுக்கு. இதைப் பார்க்கிறவர் கவனமாகப் படிக்கணும், எழுதி நண்பர்களுக்கு அனுப்பணும், சுவரிலிருந்து கிழிக்கிறவன் பஞ்சமாபாதகம் செய்தவனாவான் என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கு. ஷேர் பட்டன் இல்லாத காலத்துல ஷேர் பண்ணச் சொன்ன மனுஷன்!

நவாப் பற்றி அவர் சொன்னது பலிக்க ஒன்றரை மாசம் கூட ஆகவில்லை. ஜூலை 31-ல் உடன்படிக்கை போட்டு கர்நாடகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது, திருச்சியும் சேர்த்து. அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு 73 பேர் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

இனி கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அக்டோபர் வந்தா மருது சகோதரர்களுக்கு பேனர், மாலை, வண்டி ஊர்வலம் எல்லாம் தூள் பறக்குது. எல்லாக் கட்சியும் போகுது, நாமளும் போறோம். போகவேண்டியதுதான். ஆனா அந்த பேனர்ல பாதி, அவரை ஒரு சாதிக்குச் சொந்தக்காரரா சுருக்கி வைக்குது. செத்த நாளை சாதிக்கணக்குல எழுதிட்டு, எல்லா சாதியையும் கூப்பிட்ட நாளை காலண்டர்ல தேட வேண்டிய நிலைமை. ஓட்டுக் கணக்கு பார்க்கிறவங்களுக்கு அக்டோபர் போதும். நமக்கும் அதே போதுமா?

இதே ஜூன் 16-ஐ தென்னாப்பிரிக்காவில் பாருங்க. 1976-ல் சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஆப்பிரிகான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போனாங்க, போலீஸ் சுட்டது. இன்று அந்த நாடே அதை இளைஞர் தினமா விடுமுறை விட்டுக் கொண்டாடுது. மொழித் திணிப்புன்னா என்னன்னு திருச்சிக்குப் புதுசா சொல்ல வேண்டாம். 1964 ஜனவரி 25-ல் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தது நம்ம திருச்சியிலதான். அந்த ஜனவரி 25-ஐ மொழிப்போர் தியாகிகள் நாளா நாம விடாம நினைக்கிறோம். ஆக, ஒரு தேதியை மக்கள் மனசுல நிறுத்த நமக்குத் தெரியும். ஜூன் 16-க்கு இன்னும் அதைச் செய்யல, அவ்வளவுதான்.

அதனால இந்த வருஷம் வாளும் மீசையும் வச்ச பழைய டெம்ப்ளேட் வேண்டாம். அறிவிப்போட வாசகத்தையே கார்டா போடுங்க. சாதிப் பட்டம், சாதிக் கொடி நிறம் எதுவும் அதில் வேண்டாம். பழைய கோட்டையில் மிச்சமிருக்கிற மெயின் கார்டு கேட்டை தினமும் பஸ்ஸில் தாண்டிப் போறோம். கிளைத் தோழர்கள் இன்னிக்கு சாயங்காலம் அங்கே நின்னு, நல்லா வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரை முழுசா சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. ஸ்ரீரங்கம் தோழர்கள் ராஜகோபுரம் பக்கம் வாசிங்க. ரொம்ப நேரம் ஆகாது. வீடியோ எடுத்தா கமெண்ட்ல போடுங்க, பக்கத்துல பகிர்றோம்.

#ஜூன்16 #திருச்சிப்பிரகடனம்1801