ஐம்பது வளையங்களில் மூன்று



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு வாசலில் ஒரு தம்பி வந்து நின்றார். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். அவருடைய தாத்தாவும் நானும் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அந்த உறவில் என்னையும் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"தாத்தா, பழைய ஹோண்டா காடி ஒன்று விலைக்கு வருகிறது. 2004-ஆம் வருஷத்து வண்டி. ஹோண்டாதானே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

"எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே அப்பா. உட்கார், முதலில் காப்பியைக் குடி" என்றேன். அவருக்குச் சொன்ன கதையைத்தான் இந்த மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஹோண்டா என்றதும் நம்மவர்களுக்குக் கண்முன் வருவது காடியா? இல்லை, மோட்டார் சைக்கிள்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் மண்டோரின் வண்டி. பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் குலுங்கிப் போகும் வண்டி. தீபாவளிக்கு முன் அப்பா, அம்மா, நடுவில் இரண்டு பிள்ளைகள் என்று டவுனுக்குத் துணி எடுக்கப் போகும் வண்டி. அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாகக் கப்பலேறி வந்து, பஸ் கழுவி, மெக்கானிக் வேலை கற்று முன்னுக்கு வந்த மனிதர். 1950-களின் கடைசியில் ஜப்பானில் அந்தச் சின்ன வண்டியைப் பார்த்தவர், அதை இங்கே விற்கும் உரிமையையும் வாங்கி வந்துவிட்டார். 'பூன் சியூ ஹோண்டா' என்று பெரியவர்கள் சொல்வது இவர் பெயரை வைத்துத்தான். கொண்டுவந்தவர் பட்டறையில் கை கறுத்தவர். செய்தவரும் அப்படித்தான்.

செய்தவர் பெயர் சொய்ச்சிரோ ஹோண்டா. 1906-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி, ஜப்பானில் ஷிசுவோக்கா மாநிலத்தில் கோம்யோ என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா கொல்லர், சைக்கிளும் பழுது பார்ப்பார். அம்மா தறி நெய்பவர். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் மதிப்பெண் அட்டையில் வீட்டு முத்திரை குத்திக் கொண்டுவர வேண்டும். அதை அப்பாவிடம் காட்ட முடியாத நிலை! என்ன செய்தார் தெரியுமா? சைக்கிள் மிதியின் ரப்பரை வெட்டி முத்திரை செய்துவிட்டார். (ரப்பரின் அருமை அவருக்கும் சிறு வயதிலேயே தெரிந்திருக்கிறது.) கூட்டாளிப் பையன்களுக்கும் அப்படியே செய்து கொடுத்தார். முத்திரையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. ஹோண்டா என்ற பெயரின் எழுத்துகள் ஜப்பானிய மொழியில் திருப்பினாலும் ஒன்றுபோலவே இருக்கும், அவர் பிழைத்தார். மற்றவர்கள் பெயர் தலைகீழாக விழுந்தது. அகப்பட்டுக்கொண்டார்.

பதினைந்து வயதில், 1922-இல், மோட்டார் பட்டறையில் வேலை பழகத் தோக்கியோவுக்குப் போனார். முதலாளி அவர் கையில் கொடுத்தது திருப்புளியை அல்ல, தன்னுடைய கைக்குழந்தையை. ஆறு மாதம் வரை குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பட்டறையைப் பெருக்கினார். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றும் நினைத்தாராம். திரும்பவில்லை. தொழில் கற்று, 1928-இல் ஹமமத்சு நகரத்தில் அதே பட்டறையின் கிளையைத் திறந்தார்.

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம் வருகிறது.

பழுது பார்த்தது போதும், சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்ட பொருள் பிஸ்டன் வளையம். இஞ்சினுக்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனைச் சுற்றிப் போடும் இரும்பு வளையம் அது. பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அது சரியில்லை என்றால் வண்டி எண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்கும். டொயோட்டா கம்பெனிக்கு விற்கலாம் என்று ஐம்பது வளையங்களைச் சோதனைக்குக் கொடுத்தார். தேறியவை எத்தனை? மூன்றே மூன்று.

நம்மில் யாராக இருந்தாலும் சோதித்தவனைத்தான் திட்டியிருப்போம். அவர் என்ன செய்தார்? முப்பது வயது தாண்டிய மனிதர், பட்டறை முதலாளி, ஹமமத்சுவில் இருந்த தொழிற்கல்விக் கூடத்தில் பையன்களோடு போய் உட்கார்ந்து உலோகங்களைப் பற்றிப் படித்தார். பரீட்சை மட்டும் எழுத மாட்டேன் என்றுவிட்டார். பள்ளியும் சான்றிதழ் தர மாட்டேன் என்றுவிட்டது. காகிதம் போனால் போகட்டும். வளையம் தேறியது. டொயோட்டாவும் வாங்கத் தொடங்கியது.

பிறகு யுத்தம். இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக நமக்கு மனம் வராது. நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனது அந்த நாட்டு ராணுவம். அந்த ராணுவத்தின் விமானங்களுக்கான வேலைகளையும் ஹோண்டாவின் தொழிற்சாலை செய்தது. யுத்தம் முடிந்து நெடுநாள் வரை ஜப்பான் சாமானையே தொடாத பெரியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

1945-க்குள் ஹோண்டாவின் ஆலை ஒன்றைக் குண்டு அழித்தது, இன்னொன்றைப் பூகம்பம் சாய்த்தது. மிஞ்சியதை டொயோட்டா குழுமத்துக்கு 4,50,000 யென்னுக்கு விற்றுவிட்டு, ஒரு பீப்பாய் சாராயத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வருஷம் சும்மா இருந்தார். அதை யாரும் பின்பற்ற வேண்டாம்!

1946-இல் ராணுவம் விட்டுப்போன ரேடியோ மின்சார இயந்திரங்களின் சின்ன இஞ்சின்கள் அவர் கண்ணில் பட்டன. அதைச் சைக்கிளில் பூட்டினார். முதல் வண்டிக்குப் பெட்ரோல் டாங்கி எது தெரியுமா? குளிருக்கு வெந்நீர் ஊற்றிப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் குப்பி! ஓட்டிப் பார்த்தவர்களில் அவர் மனைவி சாச்சியும் ஒருவர். 1948-இல் கம்பெனி பிறந்தது. அடுத்த வருஷம் தக்கேயோ புஜிசாவா என்பவர் வந்து சேர்ந்தார். கணக்கும் விற்பனையும் அவர் பொறுப்பு. இரும்பும் எண்ணெயும் இவர் பொறுப்பு.

1958 ஆகஸ்டில் வந்தது சூப்பர் கப் மோட்டார் சைக்கிள். சாப்பாட்டுக் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பதற்காகவே அதில் கிளட்ச் பிடி இல்லாமல் செய்தார்கள். பாவாடை கட்டிய பெண்களும் ஏறி உட்காரலாம். சேறு தெறிக்காமல் முன்னால் மறைப்பு. மழைக்கால தோட்டத்துச் சாலைக்கென்றே செய்ததுபோல் இல்லையா? 2017-க்குள் பத்துக் கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள். உலகத்தில் வேறு எந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

சரி, காடிக்கு வருவோம். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பான் அரசாங்கம், காடி செய்யும் கம்பெனிகள் இருப்பது போதும், புதிதாக யாரும் நுழையக் கூடாது என்று சட்டம் கொண்டுவரப் பார்த்தது. ஹோண்டா எதிர்த்து நின்றார். சட்டம் வருவதற்குள் காடியைச் செய்து காட்டிவிட வேண்டும் என்று 1963-இல் ஒரு சின்ன லோரியையும், எஸ்-500 என்ற பந்தயக் காடி போன்ற ஒன்றையும் வெளியிட்டார். அந்தக் காடியின் பின்சக்கரங்களைச் சுழற்றியது, மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் சங்கிலி! அந்தச் சட்டம் கடைசி வரை நிறைவேறவே இல்லை.

ஆனால் கெட்டிக்காரருக்கும் பிடிவாதம் உண்டு. இஞ்சினைக் காற்றே குளிர்விக்க வேண்டும், தண்ணீர் வேண்டாம் என்பது அவர் கொள்கை. 1968-இல் அப்படிச் செய்த பந்தயக் காடியை, அது இன்னும் ஓட்டத் தகுதியானதல்ல என்று கம்பெனியின் ஓட்டுநர் ஜான் சர்டீஸ் மறுத்தார். பிரான்சில் நடந்த பந்தயத்தில் அதை ஓட்டிய ஜோ ஷ்லெசர், காடி மோதித் தீப்பிடித்ததில் உயிரிழந்தார். அதன் பிறகும் அவர் விடவில்லை. 1969-இல் வந்த காற்றுக் குளிர்ச்சிக் காடி சரியாக விற்கவில்லை. இளம் பொறியாளர்கள் புஜிசாவாவிடம் போய் முறையிட்டார்கள். அவர் ஹோண்டாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: நீங்கள் கம்பெனித் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியாளராக இருக்கப் போகிறீர்களா? தலைவராக இருப்பதுதான் சரி என்று அவர் விட்டுக்கொடுத்தார். தண்ணீர்க் குளிர்ச்சி வந்தது.

அதனால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். அமெரிக்கா 1970-இல் காடிப் புகைக்குக் கடுமையான சட்டம் போட்டது. அங்கிருந்த பெரிய கம்பெனிகள் முடியாது, அவகாசம் வேண்டும் என்று கூக்குரலிட்டன. அந்த இளைஞர்கள் செய்த சி.வி.சி.சி. என்ற இஞ்சின் 1972-இல் அமெரிக்க அரசாங்கத்தின் சோதனையில் தேறிவிட்டது. புகையைப் பின்னால் வடிகட்டுவதற்குப் பதில், பெட்ரோல் இஞ்சினுக்குள்ளேயே சுத்தமாக எரிய வழி செய்த இஞ்சின் அது. அதே வருஷம் சிவிக் காடி வந்தது; 1973-இல் பெட்ரோல் விலை ஏறியதும் சின்னக் காடிக்கு உலகமே அலைந்தது. இன்று நீங்கள் கேள்விப்படும் 'ஹோண்டா' என்ற நல்ல பெயர் அப்போதுதான் காடிக்கும் ஒட்டிக்கொண்டது.

இதிலே ஒரு சம்பவம். பெரிய கம்பெனிகளை முந்த இதுதான் நல்ல சந்தர்ப்பம் என்று ஹோண்டா பேசியபோது, நாங்கள் கம்பெனிக்காகச் செய்யவில்லை, மக்கள் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்று செய்கிறோம் என்று அந்த இளைஞர்கள் சொன்னார்களாம். தன் காலம் முடிந்தது என்று அவருக்குப் புரிந்தது. 1973-இல் அவரும் புஜிசாவாவும் ஒன்றாகவே பதவியை விட்டார்கள். மகனை நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. பிறகு ஜப்பான் முழுவதும் ஊர் ஊராகப் போய்த் தன் தொழிலாளர்களின் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். ஒரு பட்டறையில் ஒருவர், கையில் எண்ணெய் இருக்கிறதே என்று பின்வாங்கினார். அந்தக் கையை இழுத்துப் பிடித்து, எண்ணெய் வாசனையை முகர்ந்து மகிழ்ந்தாராம் கிழவர். பால் வாடை வீசும் கையோடு கிராணி முன் நின்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது தொண்டை அடைக்கும். எனக்கு அடைத்தது. 1991 ஆகஸ்ட் 5-ஆம் தேதி காலமானார். கம்பெனி சார்பில் பெரிய சவ ஊர்வலம் வைத்துச் சாலையில் போக்குவரத்தை அடைக்க வேண்டாம் என்பது அவர் விருப்பம்.

இந்த இடத்தில் தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் வாங்கலாம், இல்லையா தாத்தா?"

இரப்பா. கதை 1991-இல் முடியவில்லை.

மோதலின்போது ஓட்டுநரின் முகத்துக்கு முன்னால் ஊதிக்கொள்ளும் காற்றுப்பை இருக்கிறதே, அதை ஹோண்டாவுக்கும் இன்னும் பல கம்பெனிகளுக்கும் செய்து கொடுத்தது தக்காத்தா என்ற ஜப்பானியக் கம்பெனி. பையை ஊதவைக்க அவர்கள் போட்ட வெடிமருந்து, வருஷக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டால் கெட்டுப்போகிறது. கெட்டால், பை ஊதும்போது அதன் உலோகக் கூடு வெடித்துத் துண்டுகள் பாயும். காப்பாற்ற வேண்டிய பை கழுத்தை அறுக்கும். 2009-இல் அமெரிக்காவில் ஒரு பெண் இறந்தார். 2014-இல் நம் சரவாக்கில், 2003-ஆம் ஆண்டின் ஹோண்டா சிட்டி காடியில் ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்தார். அதன் பிறகும் நம் நாட்டில் உயிர்கள் போயின. வெயிலும் ஈரமும் நம் ஊரை விட வேறெங்கே அதிகம்?

ஐம்பதில் மூன்று தேறியபோது பள்ளிக்கூடம் போனவரின் கம்பெனி, இப்போது என்ன செய்தது? 2008-லேயே சில வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஆனால் அமெரிக்காவில் 1,729 சாவு, காயப் புகார்களை அரசாங்கத்துக்குச் சரியாகத் தெரிவிக்காததற்காக 2015-இல் ஏழு கோடி டாலர் அபராதம் கட்டியது. அதே ஆண்டில், தக்காத்தாவின் ஊதிகளை இனிப் புதிய காடிகளில் போட மாட்டோம் என்றும் அறிவித்தது. 2017-இல் தக்காத்தா திவாலானது. உலகமெங்கும் கோடிக்கணக்கான காடிகளைத் திரும்ப அழைத்து அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடுக்கிறார்கள், மலேசியாவிலும்தான்.

இலவசம்தானே, பிறகு என்ன கவலை என்கிறீர்களா? கடிதம் போவது பதிவில் இருக்கும் முகவரிக்கு. நம்மவர்கள் வாங்குவதோ மூன்று கை, நான்கு கை மாறி வந்த வண்டி. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்தை இடித்துவிட்டார்கள், குடும்பம் டவுன் பக்கம் போய்விட்டது. கடிதம் யாரைத் தேடிப் போகும்?

ஆகவே 2000-களின் தொடக்கத்திலிருந்து அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் செய்த சிட்டி, சிவிக், அக்கோர்ட், ஜாஸ், சி.ஆர்.வி. எதை வைத்திருந்தாலும், வாங்க நினைத்தாலும், பதிவுப் பத்திரத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு ஹோண்டா சேவை நிலையத்துக்குப் போங்கள். மாற்றியாயிற்றா இல்லையா என்று பார்த்துச் சொல்வார்கள். வேறு கம்பெனிக் காடி வைத்திருப்பவர்களும் அந்தந்த நிலையத்தில் கேளுங்கள். மாற்றாமல் இருந்தால், மாற்றும் நாள் வரை வீட்டிலேயே நிறுத்துங்கள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் மலிவுப் பையை மட்டும் யாரும் சொன்னார்கள் என்று பூட்டிவிடாதீர்கள்.

தம்பி சேசிஸ் எண் கேட்கப் புறப்பட்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "எண்ணைத் தர வண்டிக்காரர் யோசித்தால் என்ன செய்வது தாத்தா?" என்றார்.

"அப்போது காப்பி குடித்த மட்டும் லாபம் என்று வீட்டுக்குப் போ" என்றேன்.