நம் பிள்ளைகள் படிக்கும் நாவல்கள்

சங்க அலுவலகப் படிப்பகத்திலே சென்ற மாதம் நமக்கு ஒரு பாடம் கிடைத்தது. பாடம் சொன்னவர் பெரிய பேச்சாளர் எவருமல்லர். லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தோழரின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி.

வழக்கம்போல நாம் அந்தப் பெண்ணிடம் கார்க்கியின் ‘தாய்’ நாவலை எடுத்து நீட்டினோம். வாலிபர் யார் வந்தாலும் முதலில் ‘தாய்’, அடுத்து ‘வீரம் விளைந்தது’ என்று கொடுத்தனுப்புவது நமது நெடுநாள் பழக்கம். அவள் கை நீட்டவில்லை.

“படிச்சாச்சு மாமா. நல்லா இருந்துச்சு. ஆனா எங்க வயசுப் பிள்ளைங்க இப்போ என்ன படிக்கிறாங்கன்னு நீங்க ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?”

கேட்டதில்லை. அவள் போனபிறகு படிப்பகத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினோம். ‘தாய்’ பலமுறை வெளியே போயிருக்கிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளே திரும்பியிருக்கிறது. ஷிப்டு வேலைக்குப் போகிற வாலிபன் அவ்வளவு பெரிய நாவலை மூன்றே நாளில் முடிப்பானா? புரட்டாமலே திருப்பித் தந்திருக்கிறார்கள்! மரியாதை நமக்குச் செய்தார்களே தவிர, கார்க்கிக்குச் செய்யவில்லை.

ஆகவே நாம் அந்தப் பெண்ணிடமே போய், “சரியம்மா, நீ படிப்பதைக் கொடு, நாங்கள் படிக்கிறோம்” என்றோம். ஒரு மாதமாகப் படித்தோம். படித்தவற்றைப் பற்றி நமக்குத் தோன்றியதைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் வந்தது ‘தி ஹங்கர் கேம்ஸ்’. அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் எழுதி 2008இல் வெளிவந்த நாவல். அட்டையில் தங்க நிறத்தில் ஒரு பறவையும் அம்பும். பார்த்ததுமே முகம் சுளித்தோம். ராஜா ராணிக் கதை போலும் என்று நினைத்தோம். ஆங்கிலம் நமக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தோம். ஐம்பது பக்கம் தாண்டியபின் அகராதியை மறந்துவிட்டோம்.

பனெம் என்று ஒரு கற்பனை நாடு. நடுவே தின்று கொழுத்த தலைநகர். சுற்றிலும் 12 மாவட்டங்கள். ஒவ்வொரு மாவட்டமும் தலைநகருக்காக உழைத்துக் கொட்ட வேண்டும். ஒன்று நிலக்கரி வெட்டும், ஒன்று பழத்தோட்டங்களில் பாடுபடும், இப்படி. ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என 24 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள். ஒருவர் மிஞ்சும்வரை அவர்கள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். கதாநாயகி காட்னிஸ் சுரங்கத் தொழிலாளியின் மகள். தகப்பன் சுரங்க வெடிவிபத்தில் மாண்டவன். வீட்டில் தாயும் தங்கையும்.

இதிலே ஓர் ஏற்பாடு வருகிறது, தோழர்கள் கவனிக்க வேண்டும். பட்டினி கிடக்கும் குடும்பத்துப் பிள்ளை அரசாங்கத்திடம் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். விலை? குலுக்கல் பெட்டியில் அந்தப் பிள்ளையின் பெயர் மேலும் ஒருமுறை எழுதிப் போடப்படும். குடும்பத்தில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சீட்டு. அடுத்த ஆண்டு சென்ற ஆண்டுச் சீட்டும் கூடவே சேரும். 16 வயதிலே காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. அவள் நண்பன் கேல், 18 வயது, அவன் பெயர் 42 சீட்டுகளில்! வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சட்டம் ஒன்றுதான், குலுக்கல் ஒன்றுதான். ஆனால் சீட்டு சொற்பம். சட்டத்தின் முன் எல்லாரும் சமமாம்!

இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தோம். முன்பணம் என்ற சொல் ஞாபகத்துக்கு வந்தது. செங்கல் சூளையிலும், கரும்பு வெட்டிலும், பீடிக் குடிசையிலும் முன்பணம் வாங்கியவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேல் என்ற பையன் இன்னொன்றும் சொல்கிறான்: இந்தச் சீட்டு ஏற்பாட்டின் நோக்கமே சாப்பாட்டுக்கு இல்லாதவனையும் ஓரளவு சாப்பிடுகிறவனையும் ஒருவர்மேல் ஒருவர் வெறுப்புக் கொள்ளச் செய்வதுதான் என்று. நாம் பத்துக் கூட்டம் போட்டு விளக்கும் விஷயம், ஒரு சிறுவன் காட்டில் நின்று கொண்டு கோபத்தில் சொல்லிவிட்டுப் போகிறான்.

களத்திலே ரூ என்ற 12 வயதுச் சிறுமி கொல்லப்படுகிறாள். அவள் 11ஆம் மாவட்டம். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. பறித்த பழத்தைத் தின்றால் சவுக்கடி விழும் ஊர். காட்னிஸ் அந்தப் பிணத்துக்குப் பூ வைத்து மரியாதை செய்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த அந்த ஏழை மாவட்டம், காசு சேர்த்து ஒரு ரொட்டியை அவளுக்கு அனுப்பிவைக்கிறது. வேற்று மாவட்டத்துப் பெண்ணுக்கு! கதவடைப்புக் காலத்தில் பக்கத்து மில் தொழிலாளி அனுப்பிய அரிசியில் கஞ்சி குடித்தவர்களுக்கு அந்த ரொட்டியின் எடை தெரியும்.

ஆனால் 2010இல் வந்த மூன்றாம் பாகத்தில் நமக்கும் ஆசிரியைக்கும் தகராறு வந்துவிட்டது. கலகம் வெற்றி பெறுகிறது. கலகத்தின் தலைவியான காயின் என்பவள், தோற்றவர்களின் பிள்ளைகளை வைத்து அதே விளையாட்டை ஒருமுறை நடத்தலாம் என்கிறாள். பழைய சர்வாதிகாரியின்மேல் விட வேண்டிய அம்பைக் காட்னிஸ் காயின்மேல் விட்டுவிடுகிறாள். நமக்குச் சுருக்கென்றது. “போராடுகிறவன் எல்லாம் கடைசியில் புது எஜமான்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற கதை இது” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னோம்.

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. “அவ பழைய ஆளுங்க பக்கம் போய்ச் சேரலையே மாமா. ஜெயிச்சவங்க அதே ஆட்டத்தை ஆடுனா பேசாம இருக்கணுமா? நம்ம சங்கத்துல தப்பு நடந்தா நீங்க பேசாமலா இருப்பீங்க?”

பதில் சொல்ல நமக்குச் சற்று நேரம் பிடித்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நமது குறையை இப்போது வேறு விதமாகச் சொல்வோம்: ஆயிரக்கணக்கானவர் உயிர் கொடுத்த கலகத்தின் முடிவு ஒரு பெண்ணின் ஒரே அம்பிலே தொங்குகிறது. வென்றபின் நடப்பதை ஆசிரியை ஓடிக் கடக்கிறார். சுரங்கங்கள் மூடப்பட்டன, 12ஆம் மாவட்டத்தில் மருந்துத் தொழிற்சாலை வரப்போகிறது என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். அங்கே கூலி என்ன, எத்தனை மணி வேலை, யார் நிர்வாகம்? நமக்கு அதுதானே கதை!

இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. அந்தக் கதையிலே வருகிற மூன்று விரல் வணக்கத்தை 2014இல் தாய்லாந்தில் ராணுவ ஆட்சியை எதிர்த்த வாலிபர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2021இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அங்கும் தெருவில் அதே மூன்று விரல்கள் உயர்ந்தன. பிள்ளைகள் படிக்கிற கதைதானே என்று நாம் ஒதுக்கியதை, அந்த ராணுவ அதிகாரிகள் ஒதுக்கவில்லை.

அடுத்தது ஆஞ்சி தாமஸ் 2017இல் எழுதிய ‘தி ஹேட் யு கிவ்’. கறுப்பினச் சிறுமி ஸ்டார். அவள் கண்முன்னே சிறுவயது நண்பனைப் போலீஸ்காரன் சுட்டுக் கொல்கிறான். துப்பாக்கி என்று அவன் நினைத்தது காரின் கதவிலிருந்த தலை சீவும் பிரஷ். சாட்சி சொல்வதா, வாயை மூடிக்கொண்டு படிப்பைப் பார்ப்பதா என்பதே கதை. நம் மனதில் தங்கியது அந்தத் தகப்பன். மளிகைக் கடைக்காரன். கறுப்புச் சிறுத்தைகள் கட்சியின் பத்து அம்சத் திட்டத்தைத் தன் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறான். போலீஸ் நிறுத்தினால் கை வெளியே தெரியும்படி எப்படி நிற்க வேண்டும் என்பதையும் அவனே சொல்லித் தருகிறான். இரண்டு பாடமும் ஒரே தகப்பன்! நம்மில் எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளோடு அரசியல் பேசுகிறோம்? மேடையில் பேசிவிட்டு வருவதோடு தொண்டை கட்டிவிடுகிறது. நாவலின் பள்ளிக்கூடக் காதல் பக்கங்கள் நமக்கு நீளமாகப் பட்டன. அது நமக்காக எழுதியதல்ல, விடுங்கள்.

இனி வருவது அந்தப் பெண் கொடுத்ததல்ல. அவளுடைய தாயார் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, “அவங்களையும் படிக்கச் சொல்லு” என்று கொடுத்தனுப்பியது. இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2018இல் வெளியாகி, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல்.

தலைமையாசிரியர் மகள் ரேவதி, பொறியியல் படித்தவள். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பையன் ரவி, ஆட்டோ ஓட்டுபவன். பெற்றோர் சொல்லை மீறி அவனையே கட்டிக்கொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுவை ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். தகப்பனிடம் பணம் இருக்கிறது. அது எதற்கும் செல்லாது. கதையின் பெரும்பகுதி தீக்காயப் பிரிவின் வாசலிலேயே நடக்கிறது. உறவினர் பேசுகிறார்கள், குற்றம் சாட்டுகிறார்கள், அழுகிறார்கள். வேறு ஊர்களிலிருந்து எரிந்து வந்த பெண்களின் உறவுக்காரர்களும் அதே வாசலில்தான்.

இந்தப் புத்தகத்தை ஆட்டோ ஸ்டாண்டுத் தோழர் ஒருவரிடம் கொடுத்தோம். திருப்பித் தரும்போது அவர் முகம் சிவந்திருந்தது. “என்ன தோழர், ஆட்டோக்காரன்னா குடிகாரன், பொண்டாட்டியை அடிக்கிறவன்னு எழுதிட்டாங்க. இதையா நம்ம படிப்பகத்துல வைக்கப் போறீங்க?” என்றார்.

அவர் கோபம் வெறும் கோபமல்ல. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திப் பேசுகிற சமுதாயத்தில் அவர் நாள் முழுதும் வண்டி ஓட்டுகிறார். நாமும் முதலில் அவர் பக்கமே சாய்ந்தோம். மறுபடி படித்தோம். ரவியும் தன் பக்கத்தைச் சொல்ல ஆசிரியர் இடம் கொடுத்திருக்கிறார். மாமனார் வீட்டில் அவன் பட்ட அவமானம், அவனை ஒருபோதும் மருமகனாக அவர்கள் எண்ணாதது, எல்லாம் வருகிறது. அந்த வீட்டின் சாதி கௌரவமும் ஆசிரியர் கையில் தப்பவில்லை. ஆனால் அவமானப்பட்டவன் என்பதற்காக ரவி அடித்த அடி அடியில்லை என்று ஆகிவிடுமா? முதலாளியிடம் திட்டு வாங்கியவன், அதை வீட்டிலிருக்கும் பெண்ணிடம் வட்டியோடு தீர்க்கிறான். இது ஆட்டோ ஸ்டாண்டில் மட்டும் நடக்கிறதா? போனஸ் கூட்டத்துக்கு மைதானம் நிறைய வருகிறோம். பக்கத்து வீட்டில் ஒரு பெண் அலறினால், “அது அவங்க குடும்ப விவகாரம்” என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். சாத்தியவர்களில் நம் சங்க உறுப்பினர்களும் உண்டு, நிர்வாகிகளும் உண்டு. புத்தகத்தைக் கொடுத்தனுப்பிய அந்த அம்மையார் எதற்காகக் கொடுத்தனுப்பினார் என்று நாம் கேட்கவில்லை. கேட்க நமக்குத் துணிச்சல் வரவில்லை.

புத்தகம் படிப்பகத்தில் இருக்கும் என்று ஆட்டோத் தோழரிடம் சொல்லிவிட்டோம். அவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. அவரது மறுப்பை எழுதித் தந்தால் படிப்பகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம் என்றும் சொல்லியிருக்கிறோம்.

கடைசியாக, பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. 2000ஆம் ஆண்டில் வந்தது. இளைஞருக்கான நாவல் என்று யாரும் அதற்கு முத்திரை குத்தவில்லை. ஆனால் அதிலே வருகிறவர்கள் எல்லாம் சிறுவர்களும் சிறுமிகளும்தான். கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில், கவுண்டர் வீடுகளில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள். கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி. இவை பெயர்களா? குள்ளம், நெட்டை, வயிறு, செவிடு, நொண்டி என்று உடம்பைப் பார்த்துக் கூப்பிட்டதே பெயராகி நின்றுவிட்டது. கூலியைப் பெற்றோர் வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைக்குப் பழைய சோறும் பட்டிக் காவலும். கொத்தடிமை முறையை ஒழித்து 1976லேயே சட்டம் வந்துவிட்டது. காட்டுக்குள்ளே ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவனிடம் அதை யார் போய்ச் சொன்னார்கள்?

இந்த நாவல் நம்மிடம் அழச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பனங்காட்டிலே கிடைத்ததைச் சுட்டுத் தின்கிறார்கள், ஆட்டோடு பேசுகிறார்கள். பண்ணையக்காரர் மகன் செல்வனும் கூளையனும் ஏறக்குறைய ஒரே வயது. இரவில் பட்டிக்குக் காவலாக ஒன்றாகவே படுக்கிறார்கள். ஆனால் விடிந்தால் ஒருவன் பள்ளிக்கூடத்துக்கு, ஒருவன் ஆட்டின் பின்னால். சிநேகிதனா, எஜமானா என்று அந்தச் செல்வனுக்கே தெரியவில்லை. கூளையனுக்கு மட்டும் நன்றாகத் தெரிகிறது. முடிவை இங்கே எழுதப் போவதில்லை. படித்த அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்கிறோம்.

அந்தப் பெண்ணும் இதைப் படித்தாள். “காட்னிஸுக்காவது வில் இருந்துச்சு மாமா” என்றாள்.

‘கூளமாதாரி’யைச் சுமைதூக்கும் தோழர் ஒருவர் எடுத்துப் போயிருக்கிறார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். சிறுவயதில் ஆட்டுக்காரப் பையனாக இருந்ததாக அன்றைக்குத்தான் நம்மிடம் சொன்னார். பதினைந்து வருஷமாக ஒரே சங்கத்தில் இருக்கிறோம், இதுவரை சொன்னதில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மகன் இரவில் உரக்க வாசிக்க, தாம் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். புத்தகம் போய் மூன்று வாரமாகிறது. இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறதாம். சில இடங்களில் மகனை நிறுத்தச் சொல்லிவிட்டு, தம் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாராம். கணக்குப் புத்தகத்தில் தவணையை அடித்துவிட்டு இன்னும் ஒரு மாதம் நீட்டி எழுதியிருக்கிறோம்.